வீடு வாங்குமுன் மீட்டர் அட்டையைக் கேளுங்கள்

போன வாரம் செல்வி போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்றபோது என் லைனை, அதாவது நான் கணக்கெடுத்த தெருக்களை, வாங்கிக்கொண்ட பெண். இன்றைக்குத் தென்காசியிலும் குற்றாலத்திலும் வீடு வீடாக ஏறி மீட்டர் எடுப்பவள் அவள்தான். எடுத்த எடுப்பில் சண்டைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இந்த ஊர்ல வீடு வாங்க வாறவங்க பூராப் பேரும் மீட்டர் அட்டையக் காட்டு, மீட்டர் அட்டையக் காட்டுன்னு நிக்காங்க. விக்கிறவங்க எங்கிட்ட ஓடி வந்து, 'அட்டை தொலஞ்சு போச்சும்மா, பழைய ரீடிங் பூரா எழுதிக் குடு'ங்கிறாங்க. இந்தப் பழக்கத்த எவன் அண்ணாச்சி கிளப்பிவிட்டது?"

"நாந்தாம்மா" என்றேன்.

 அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அப்பம் நீங்களே வந்து எழுதிக் குடுங்க" என்று வைத்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன், ஒரு மெடல் கிடையாது, ஒரு சால்வை கிடையாது. ஆனால் நான் ஒரு வீட்டில் சொன்ன ஒரு வார்த்தை ஒரு ஊரின் வழக்கமாகி நிற்கிறது! அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து மீட்டரைப் பார்த்து, எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று ஒரு வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். தேதி, ரீடிங், யூனிட் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த அட்டை மீட்டர் பக்கத்தில் ஓர் ஆணியில் பாலிதீன் உறைக்குள் தொங்கும். பல வீடுகளில் அதற்குப் பின்னால் பால் கணக்குகூட எழுதியிருப்பார்கள். அந்த அட்டையில் எழுதுகிற ஆள்தான் நான். என் பேர் யாருக்கும் தெரியாது. "கரண்ட் அண்ணாச்சி" என்றால் நன்னகரம் முதல் ஐந்தருவி வரை தெரியும்.

நான் படித்தது பத்தாவது. மின்சாரம் எனக்குக் கம்பத்தில் ஏறிக் கற்றுக்கொண்டதுதான். நாலைந்து வருஷம் ஏணி தூக்கி, அப்புறம் தேர்வு எழுதி, கணக்கெடுக்கிற வேலைக்கு வந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியவர் ஆவுடையப்பன் சார், எங்கள் மேற்பார்வையாளர். மெலிந்த ஆள். கோபப்பட்டால் குரல் குறையுமே தவிரக் கூடாது. எந்த வீட்டு நடைக்குள் நுழைந்தாலும், மீட்டர் வாசலிலேயே இருந்தாலும், செருப்பைக் கழற்றுவார். ரீடிங்கை மூன்று தடவை சொல்வார். மீட்டரைப் பார்த்து ஒன்று, எழுதும்போது ஒன்று, எழுதியதைப் பார்த்து ஒன்று. மூன்றும் வாய்விட்டு. "உள்ள இருக்கிற பொம்பளயாளுக்கும் கேக்கணும்வே. அவ வீட்டுக் கணக்கு அது" என்பார்.

முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் போட்டார். "ஒரு வீட்டு மீட்டர்ல பாத்தத அந்த வீட்டு ஆள்கிட்ட மட்டும் சொல்லணும். அடுத்த வீட்டுல போய்ச் சொன்னேன்னு வையி, நீ கணக்கெடுக்க வரல, கோள் சொல்ல வந்திருக்க."

அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. ஆனால் கண் பார்க்குமே, அதை என்ன செய்ய? பத்து வருஷம் ஒரே லைனில் நடந்தால் ஒவ்வொரு வீடும் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்துவிடும். யூனிட் திடீரென்று ஏறினால் அந்த வீட்டில் கல்யாணம், இல்லையென்றால் பிள்ளைப்பேறு. இறங்கினால் மகன் வெளியூர் போய்விட்டான். "பேன் ஒண்ணுதான் ஓடுது, மீட்டர் ஏன் அண்ணாச்சி கூடச் சேர்ந்து ஓடுது?" என்று கேட்பாள் ஒருத்தி. "எங்க வீட்டுக்காரர விட ஒங்க மீட்டர்தான் உருப்படியா ஒழைக்குது" என்பாள் இன்னொருத்தி. இதையெல்லாம் சாயங்காலம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். என் சொத்து அதுதான் என்று வீட்டுக்காரி கேலி பண்ணுவாள்.

அவள் கேலி பண்ணக் காரணம் இருக்கிறது. நிஜமான சொத்து வாங்கப் போய் நான் ஒருமுறை மூக்குடைபட்டேன். அது ஆடி மாதம். மேலகரத்தைத் தாண்டி மலையைப் பார்த்த ஒரு வீட்டுமனை. சாரல் முகத்தில் அடிக்கிறது, தரை முழுக்கப் பச்சை, பக்கத்து ஓடையில் தண்ணீர் சலசலவென்று போகிறது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏமாந்தால் போகட்டும், இங்கேயே பிறந்து வளர்ந்த நானும் சொக்கிப்போய் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன். ஆவுடையப்பன் சார் கேட்டார்: "பங்குனியில போய்ப் பாத்தியாவே?" பங்குனியில் போனேன். ஓடையில் மாடு படுத்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா இரண்டு குடத்தோடு எதிரே வந்து, "லாரித் தண்ணிக்கு நிக்கோம்" என்றாள். அட்வான்ஸ் போனது போனதுதான். நாங்கள் செய்கிற தப்பே இதுதான். சாரலில் இடம் பார்ப்போம், சாரலிலேயே கையெழுத்தும் போட்டுவிடுவோம். பங்குனியை ஒருத்தரும் கேட்க மாட்டோம்.

இனி சாகுல் பாய் கதைக்கு வருகிறேன்.

சாகுல் பாய்க்குத் தென்காசியில் வீடு. பதினேழு வருஷமாக வளைகுடாவில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். மனைவி மைமூன், ஆறாவது படிக்கிற ஒரு மகள். மைமூன் பேச்சில் மிளகாய் இருக்கும், ஆனால் காரம் நாக்கோடு சரி. அவர்கள் வீட்டு மீட்டர் வெளிவாசல் சுவரில், அட்டை அதன் மேலே ஆணியில். கதவு தட்டாமலே ரீடிங் எடுத்துவிடலாம். ஆனால் எடுக்க விடமாட்டாள். "அண்ணாச்சி, ஒரு வாய் டீ குடிச்சிட்டு எழுதுங்க. யூனிட்டு கொஞ்சம் இரக்கப்படும்" என்பாள்.

அந்த வருஷம் ஜூலை மாத ரீடிங்குக்குப் போனேன். வாசலிலேயே சண்டை கேட்டது.

"பொட்டி கட்டுறது இதோட முடியணும் மச்சான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றாள் மைமூன்.

"அதுக்குத்தானட்டி வீடு வாங்குதேன்!" என்றார் சாகுல் பாய்.

விஷயம் இதுதான். பதினேழு வருஷச் சேமிப்பை ஒரு வீட்டில் போட்டு, அந்த வாடகையில் குடும்பம் நடக்குமென்றால் அவர் திரும்பிப் போக வேண்டாம். நடக்காதென்றால் செப்டம்பரில் விமானம் ஏற வேண்டும், இன்னும் எத்தனை வருஷமோ. வாங்குவதற்கு இரண்டு இடம் வந்திருந்தது. ஒன்று, ஐந்தருவி போகிற சாலையில் ஒரு மாடி வீடு. ஏழு ரூம், பால்கனியில் நின்றால் மலை. சீசனில் நாள் வாடகைக்கு ஆள் மேல் ஆள் ஏறும். புரோக்கர் வேலு காட்டியது. இன்னொன்று, தென்காசியிலேயே ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய நாலு லைன் வீடு. முகமில்லாத வீடுகள். அது மைமூன் விசாரித்துக் கண்டுபிடித்தது.

"அந்த லைன் வீட்டப் போய் எவன்ட்டயாவது காட்ட முடியுமா அண்ணாச்சி? அருவிக்குப் பக்கத்துல நமக்கொரு வீடுன்னா சொல்லிக்கிடவே ஒரு இது இருக்குல்லா?" என்று என்னைத் துணைக்கு இழுத்தார் சாகுல் பாய்.

"வேலு என்ன சொல்லுதான்?" என்றேன்.

"வருசம் முச்சூடும் ஆளு வருதாம். அருவி நின்னாலும் அங்க ஆளு வரத்து நிக்காதாம்."

மைமூன் டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டாள். "அண்ணாச்சி, அந்த ஐந்தருவி ரோட்டு வீட்டுக்கும் நீங்கதான மீட்டர் எடுக்கப் போறிய? அங்க வருசம் முச்சூடும் ஆள் இருக்கா? உண்மையச் சொல்லுங்க."

 அந்த வீட்டின் ஒவ்வொரு ரீடிங்கும் எனக்கு மனப்பாடம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், அன்று வரை காப்பாற்றிய சட்டம் போச்சு. "நாளைக்கு வந்து சொல்லுதேன்மா" என்று பாதி டீயோடு ஓடி வந்துவிட்டேன்.

ஆபீஸில் ஆவுடையப்பன் சார் பழைய மீட்டர் ஒன்றைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது அவருக்கு. நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பதினேழு வருஷம் சார், ஒரு பிள்ளை சார், அந்தப் புரோக்கர் பொய் சொல்லுதான் சார்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. குரல் இறங்கியது. எனக்குப் பயமாகிவிட்டது.

"நீ சொல்லப்படாது."

"சார்..."

"அட்டை யாருக்குள்ளது?"

"வீட்டுக்காரருக்கு."

"எங்க தொங்குது?"

"அவர் வீட்டுலதான்."

"பொறவு என்னவே? பத்திரம் கேக்காங்க, பட்டா கேக்காங்க, வில்லங்கம் போட்டுப் பாக்காங்க. அட்டையவும் கேக்கச் சொல்லு. காட்டுனா வாசிக்கட்டும். காட்ட மாட்டேன்னா அதுவும் ஒரு ரீடிங்தான். எப்படி வாசிக்கணும்னு சொல்லிக் குடு. அதுல தப்பே கிடையாது."

எனக்கு அங்கேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது. எத்தனை எளிசு! கோள் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கண்ணைத் திறந்துவிட்டால் போதும், பார்ப்பது அவர்கள் பாடு.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் ஓடினேன். இருவரையும் வாசலுக்குக் கூப்பிட்டேன். ஆணியிலிருந்து அவர்கள் வீட்டு அட்டையையே எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"ஒரு வீட்டுல ஆள் இருந்தா இதுல தெரியும். இல்லன்னாலும் தெரியும். ஒரு தடவைய மட்டும் பாக்காதிய. ரெண்டு வருசத்துக்குக் குறைய வாசிக்காதிய. எந்த மாசம் ஏறுது, எந்த மாசம் எறங்குது, ஏன்னு கேளுங்க. மொதல்ல ஒங்க வீட்ட வாசிச்சுப் பழகுங்க."

மைமூன் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். "எம்பத்திநாலு... தொண்ணூத்தொண்ணு... எழுவத்தொம்பது... எம்பத்தாறு..." அப்படியே இறங்கி வந்தாள். "நானூத்திரெண்டு!" என்று நின்றாள். "இது எப்பம் அண்ணாச்சி? இவ்வளவா கட்டுனேன்?"

"தேதியப் பாரும்மா."

பார்த்தாள். போன லீவில் சாகுல் பாய் வந்திருந்த இரண்டு மாதம். "ஆமா, வெளிய சாரல் அடிக்கும், இவுக உள்ள ஏசியப் போட்டுட்டுக் கம்பளியப் போத்திக்கிடுவாக. மழையோ வெயிலோ ஏசி வேணும் இவுகளுக்கு. தெனமும் ரெண்டு சட்டை இஸ்திரி" என்று சிரித்தாள். சாகுல் பாயும் சிரித்தார். அப்புறம் அவள் விரல் மறுபடி கீழே இறங்கியது. எண்பது. எழுபத்தெட்டு. எண்பத்திரண்டு. சிரிப்பு மெல்ல நின்றது.

"மச்சான்" என்றாள். "இதுல பெரிய நம்பர் நீங்க. சின்ன நம்பர் பூராம் நானும் புள்ளயும்."

சாகுல் பாய் அட்டையை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு பெரிய எண், அதற்குக் கீழே பதினொரு சின்ன எண்.

"நம்ம வீடே ஒரு சீசன் வீடுதான் பாத்துக்கிடுங்க" என்றாள் மைமூன்.

நான் எத்தனையோ வீட்டு அட்டையில் எழுதியிருக்கிறேன். ஒருத்தர் தன் வீட்டு அட்டையை வாசித்து அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நோட்டில் அன்றைக்கு எழுதிய ஒரே வரி அதுதான்.

இரண்டு நாள் கழித்து போன். மைமூனுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. ஐந்தருவி ரோட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வேலு பால்கனியைக் காட்டியிருக்கிறார், மலையைக் காட்டியிருக்கிறார். இவள் அட்டையைக் கேட்டிருக்கிறாள்.

"வேலு சொல்லுதாரு அண்ணாச்சி, 'பத்திரம் கேளுங்க, பட்டா கேளுங்க, கரண்ட் அட்டைய எதுக்கு அக்கா கேக்கிய? பழைய பில்லக் கெட்டப் போறியளா'ங்காரு. நான் வாட்ச்மேனப் பாத்துக் கேட்டேன். பாவம், அவரு ஆணியிலருந்து எடுத்து 'இந்தாங்க தாயி'ன்னு குடுத்துட்டாரு. வேலு மூஞ்சி போன போக்கு இருக்கே!"

அதில் இருந்ததை அவளே வாசித்துச் சொன்னாள். சீசன் ரீடிங்கில் ஆயிரத்து நானூறுக்கு மேல். ஐயப்பசாமிகள் வருகிற கார்த்திகை மார்கழியில் ஒரு முந்நூற்றுச் சொச்சம். மற்ற மாதமெல்லாம் முப்பது, நாற்பது. அது வாட்ச்மேன் லைட்டும் தண்ணி மோட்டாரும். அதுகூடப் பரவாயில்லை, முந்தின வருஷச் சீசனில் ஐந்நூறுதான்.

"அந்த வருசம் ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டேன். வாட்ச்மேன் சொல்லுதாரு, 'அந்த வருசம் மழை ஏமாத்திட்டு தாயி, அருவியில நூல் மாதிரிதான் விழுந்துச்சு'ன்னு."

சாகுல் பாய் போனை வாங்கினார். "அண்ணாச்சி, ஆனாலும் அந்த மூணு மாசத்துல வாறது, லைன் வீட்டுல வருசம் முச்சூடும் வாறதுக்குச் சமமா வந்துருமே?"

அதுவும் சரிதான். அருவி வீடு மோசமான வீடில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நல்ல சீசன் என்றால் மூன்று மாதத்தில் கைநிறையக் கொடுக்கும். விலையும் வருஷத்துக்கு வருஷம் ஏறும். வேறு வருமானம் இருக்கிறவன் வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். ஆனால் ரூம் வாடகைக்கு விட்டால் கரண்டுக்கு வீட்டுக் கட்டணம் கிடையாது, கடைக் கட்டணம், அது அதிகம். ஒவ்வொரு சாரலுக்கும் சுவர் பாசி பிடிக்கும், பெயிண்ட் அடிக்க வேண்டும். குரங்கு டேங்க் மூடியைத் திறந்து குளிக்கும். மழை ஏமாற்றினால் வருஷமே போச்சு. அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பாய், பங்குனி மாசம் புள்ளைக்குப் பீஸ் கெட்டணும். அந்த மாசம் எந்த வீடு குடுக்கும்?"

"லைன் வீட்டப் போய்ப் பாப்போம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். டியூட்டிப் பை இல்லாமல், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் மட்டும் வைத்துக்கொண்டு, சிநேகிதனாகத்தான் போனேன். லைன் வீட்டு உரிமையாளர் சுரண்டையில் கடை வைத்திருக்கிற பெரியவர். நாலு அட்டையையும் அவரே எடுத்து வைத்திருந்தார். மைமூனுக்கு இப்போது வாசிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளே உட்கார்ந்து வாசித்தாள். முதல் மூன்று வீடும் அறுபது, எழுபது, அறுபத்தைந்து. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஒரு வீட்டில், பஸ் கண்டக்டர் குடும்பம் ஒன்றில், தையல் வேலை பார்க்கும் அக்காவும் அம்மாவும் ஒன்றில்.

நாலாவது வீடு மேற்குக் கடைசி. பூட்டிக் கிடந்தது. "ஆள் காலி பண்ணி ஒரு வருசமாச்சு. அடுத்த மாசம் வேற ஆள் வாறாங்க" என்றார் பெரியவர்.

மைமூன் நாலாவது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பூட்டுன வீட்டுல யாரு கரண்ட் எரிச்சது?"

வாங்கிப் பார்த்தேன்.  மாசி, சித்திரை ரீடிங்கில் சைபர். சரி. ஆனால் சாரல் மாதங்களில் ஏழு, ஒன்பது. ஆள் இல்லாத வீடு, மழை வந்தால் மட்டும் கரண்ட் குடிக்கிறது! அந்தத் தெரு என் லைன் இல்லை, நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அட்டையில் எழுதியவர் வழக்கம்போல எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சின்ன எண் யார் கண்ணிலும் படாது. பட்டது மைமூன் கண்ணில்!

"ஐயா, கதவத் தெறங்க" என்றேன்.

உள்ளே எல்லா சுவிட்சையும் அணைத்தோம். ஒரு பல்பு இல்லை, ஒரு பேன் இல்லை. வெளியே வந்து மீட்டரைப் பார்த்தோம். கரண்ட் போகும்போது அதில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். போகவில்லையென்றால் சிமிட்டாது. நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே சாரல். 

சிமிட்டியது.

"அடிச்சிட்டு!" என்று கத்தினார் சாகுல் பாய், என்னவோ கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சிமிட்டியது. நான் உள்ளே போய் மேற்குச் சுவரில் டெஸ்டரை வைத்தேன். டெஸ்டர் விளக்கு மங்கலாக எரிந்தது. மேல்காற்றுச் சாரல் நேராக அடிக்கிற சுவர் அது. ஈரம் உள்ளே இறங்கி, பழைய வயரைத் தொட்டு, சுவரே கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் கை வைக்காதீர்கள் என்று மெயினை அணைத்தேன். பழைய குடித்தனக்காரர் ஏன் காலி பண்ணினார் என்று அப்போதுதான் புரிந்தது.

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. பொய் சொல்ல வந்தவர் இல்லை அவர், அவருக்கே தெரியாது. "நான் பெயிண்டுதாம்மா அடிச்சுட்டே வந்தேன்" என்றார்.

மைமூன் ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். "ஐயா, மூணு வீட்டுக்கு முழு வெல. நாலாவது வீட்டுக்குச் சுவரத் தட்டிப் பூசி, வயர் மாத்துற செலவக் கழிச்சுக்கிட்டு வெல. சம்மதமா?"

"நீ வக்கீலுக்குப் படிச்சியாம்மா?" என்றார் அவர்.

"இல்லய்யா, கரண்ட் அட்டைக்குப் படிச்சேன்."

பெரியவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே விலை முடிந்தது. பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்துத்தான் பதிந்தார்கள். அட்டை இருக்கிறதே என்று அவற்றை விட்டுவிடக் கூடாது, இதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. செப்டம்பர் ரீடிங்குக்குப் போனபோது வாசலில் பெரிய பெட்டி கயிறு கட்டி நின்றது. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"மூணு வீட்டு வாடகை இழுத்துப் பிடிச்சா ஓடும் அண்ணாச்சி. நாலாவதும் வந்தாத்தான் நிமிந்து ஒக்கார முடியும்" என்றார் சாகுல் பாய். "சுவரு இன்னும் காயல. காஞ்சு, ஆள் ஏறிட்டுன்னா நிக்கேன். இல்லன்னா அடுத்த வாரம் டிக்கெட்டு."

 மைமூன் அன்றைக்கு டீகூடத் தரவில்லை. ரீடிங் எழுதினேன், ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. மூன்று தடவை சொல்லக்கூட மனசு வரவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்கத் துணிச்சல் வரவில்லை. போய்விட்டார் என்று அவள் சொன்னால் என்ன பதில் சொல்வேன்? அருவி வீட்டைத் தடுத்தவனே நான்தானே. ஒருவேளை அது நல்ல சீசனாக அமைந்து, அதையே வாங்கியிருந்தால் நாலு காசு சேர்ந்திருக்குமோ? இப்படியெல்லாம் மனசு போட்டு அடித்தது.

நவம்பர். ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வாசலில் ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. பெட்டி இல்லை. ஆண் செருப்பும் இல்லை. செருப்பை மழைக்கு உள்ளே எடுத்து வைத்திருக்கலாம், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆவுடையப்பன் சாரை நினைத்து என் செருப்பைக் கழற்றினேன். மீட்டர் கண்ணாடியில் தெறித்திருந்த தண்ணீரைத் துண்டால் துடைத்தேன்.

ஏழாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று.

மனசுக்குள் கழித்தேன். நம்பவில்லை. அட்டையை எடுத்து எழுதிக் கழித்தேன். நானூற்றுப் பதிமூன்று.

இந்த மழைக்குளிரில் ஏசி போட்டுக் கம்பளி போர்த்துகிற ஆள் இந்த ஊரில் ஒருத்தர்தான் உண்டு!

"ஏழாயிரத்து எழுநூத்தி முப்பத்தொண்ணு!" என்று கத்தினேன். எழுதும்போது ஒரு தடவை. எழுதியதைப் பார்த்து ஒரு தடவை. தெருவுக்கே கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து மைமூன் குரல் வந்தது. "ஏன் அண்ணாச்சி இந்தச் சத்தம் போடுதிய? யூனிட்டு ரொம்பக் கூடிட்டோ?"

"கூடிட்டும்மா!" என்றேன். "நல்லாக் கூடிட்டு!"